மூன்று பனையிலிருந்து தொடங்கினோம்: சீமைக்கருவேலம் அடைத்த புஞ்சையில் ஏழு ஆண்டு வேலை

எங்கள் தாத்தாவின் புஞ்சை சிவகங்கை மாவட்டத்தின் தெற்கு ஓரத்தில், ராமநாதபுரம் எல்லையை ஒட்டி இருக்கிறது. ஒன்றேகால் ஏக்கர். குதிரைவாலியும் உளுந்தும் விளைந்த மண். தாத்தா போன பிறகு விதைக்க ஆள் இல்லை. அப்பா மதுரைக்கு வேலைக்குப் போய்விட்டார். இருபது வருடத்தில், ஆள் உள்ளே நுழைய முடியாதபடி சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்டது. எங்கள் வரப்பு எங்கே முடிகிறது என்பதையே வடகிழக்கு மூலையில் நிற்கும் மூன்று பனைகளை வைத்துத்தான் சொல்ல முடியும்.

அதைத் திரும்பவும் பயிர் நிலமாக்க நாங்கள் நினைக்கவில்லை. அம்மா சின்ன வயதில் இந்தப் பக்கம் பார்த்த முட்காடு, உடை என்கிற வேல மரமும் உகாவும் இலந்தையும் இடையிடையே புல்லுமாக இருந்த காடு, அந்த இடத்தில் திரும்ப நிற்குமா என்று பார்க்க ஆசைப்பட்டோம். 2019இல் ஒழுங்காகத் தொடங்கினோம். நிலத்தை ஐந்து சென்ட் அளவில் இருபத்தைந்து பாத்தியாகப் பிரித்துக்கொண்டோம். இதுவரை பதினான்கு பாத்தி முடிந்திருக்கிறது. இதே மாதிரி நிலம் வைத்திருப்பவர்கள் எங்களைக் கேட்டுக்கொண்டே இருப்பதால், முதலில் கெட்டுப்போன கதையையும் சேர்த்து எழுதிவைக்கிறேன்.

முதல் தடவை: ஜேசிபி

அது 2017 தொடக்கம். சீமைக்கருவேலத்தை அகற்ற வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டிருந்த நேரம். ஊர் ஊராக ஜேசிபி ஓடியது. இந்த மரம் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கிறது, இதன் நிழலில் கட்டிய மாடு மலடாகும் என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் வந்தபடி இருந்தது. அதையெல்லாம் நம்பத் தேவையில்லை. அது நிஜமாகச் செய்வதே போதும். அடர்ந்து நின்று தரைக்கு வெளிச்சம் போகாமல் மறைக்கும். அதன் சருகு மக்கும்போது மற்றச் செடிகளின் விதையை முளைக்கவிடாது. ஆழமாக வேர் இறக்கி, மற்றதெல்லாம் காய்ந்து நிற்கும் சித்திரையிலும் பச்சையாக நின்று காய்க்கும். வெட்டினால் ஒன்று நான்காகத் துளிர்க்கும்.

இரண்டு நாளில் வேலை முடிந்தது. ஓட்ட வந்தவர் மேல் ஒரு குறையும் இல்லை, நாங்கள் சொன்னதைத்தான் செய்தார். மொத்தத்தையும் பெயர்த்து ஓரமாகக் குவித்துக் கொளுத்தினோம். அன்று சாயங்காலம், இருபது வருடமாகப் பார்க்காத எதிர்வரப்பைப் பார்த்து அம்மா அழுதுவிட்டார்.

ஐப்பசியில் மழை விழுந்தது. பத்து நாள் கழித்துப் போனபோது நிலம் முழுக்கப் பச்சை. புல் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டுக் கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். ஒரு சதுர அடிக்குள் எண்ணினால் 23 சீமைக்கருவேலக் கன்று. அடுத்த வருடம் அதே மாதம் அவை என் தோள் உயரத்துக்கு நின்றன, முன்பிருந்ததைவிட நெருக்கமாக.

என்ன நடந்தது என்று புரிய எனக்கு வெகுநாள் ஆயிற்று. இருபது வருட நெற்று மண்ணுக்குள் கிடந்தது. அதன் விதைக்குக் கல் மாதிரித் தோல், பல வருடம் உயிரோடு காத்திருக்கும். இயந்திரம் மண்ணைப் புரட்டி அந்த விதைகளை மேலே கொண்டுவந்தது. மேலே நிழல் இல்லை, புல் இல்லை, போட்டிக்கு ஒரு செடி இல்லை. வெயில் பட்ட வெறுந்தரைதான் சீமைக்கருவேலக் கன்றுக்குப் பிடித்த இடம், அதைத்தான் நாங்கள் பணம் கொடுத்து உண்டாக்கியிருந்தோம். பெயர்க்கும்போது உடைந்து மண்ணில் தங்கிய அடிக்கட்டைகளும் துளிர்த்துவிட்டன. அதோடு வரப்பிலிருந்த காரையும் இலந்தையும் கிலுவை வேலியும் சேர்ந்து போய்விட்டன. எனக்கு இன்றும் மனது கேட்காதது அந்தக் கிலுவை வேலிதான். தாத்தா கிளையை வெட்டிப் போத்தாக நட்டு உண்டாக்கிய வேலி அது.

ஒரே ஒரு இடம் தப்பியது. வடகிழக்கு மூலையில் பனைகளும் எல்லைக் கல்லும் இருந்ததால் ஜேசிபி அங்கே திரும்ப முடியவில்லை. அரை சென்ட்கூட இருக்காது. மூன்று பனை, ஒரு கிழட்டு உடை, அதன் அடியில் சங்கஞ்செடிப் புதர், புதருக்குள் இரண்டு உகாக் கன்று. 2018 மழைக்குப் பிறகு நிலம் முழுக்கச் சீமைக்கருவேலம் முளைத்திருந்தபோது, அந்த மூலையில் மட்டும் ஒன்றுகூட இல்லை. நான் மண்டிபோட்டுத் தேடினேன். இல்லை.

அங்கிருந்துதான் யோசனை மாறியது. கெட்டுப்போன இடத்தை எப்படிச் சுத்தம் செய்வது என்று கேட்டுக்கொண்டிருந்தவன், நன்றாக இருக்கும் இடத்தை எப்படி விரிப்பது என்று கேட்க ஆரம்பித்தேன். தேடியபோது, இதை யாரோ முன்பே செய்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. ஆஸ்திரேலியாவில், சிட்னியில், ஜோன் பிராட்லி, ஐலீன் பிராட்லி என்று இரண்டு சகோதரிகள் 1960களில் தங்கள் வீட்டுப் பக்கத்துப் புதர்க்காட்டில் களை எடுத்துக் கண்டுபிடித்த முறை. நல்ல இடத்தில் தொடங்கிக் கெட்ட இடத்தை நோக்கிப் போ. மண்ணை முடிந்தவரை கிளறாதே. சொந்தச் செடி திரும்பி வரும் வேகத்துக்குமேல் களையை எடுக்காதே. மூன்றாவதுதான் கடினம். கை சும்மா இருக்காது, இன்னும் ஒரு பாத்தி என்று தோன்றும். எங்கள் நிலத்தில் அந்த மூன்றாவது விதியை மீறிய ஒவ்வொரு முறையும் அடி வாங்கியிருக்கிறோம்.

கழுத்து

எங்கள் ஊரில் கரிமூட்டம் போடுகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி, மேலே செத்தையும் மண்ணும் போட்டு மூடி, நாள் கணக்கில் புகைய விட்டுக் கரியாக்குவது அவர் தொழில். இந்தப் பக்கம் எத்தனையோ குடும்பத்துக்குச் சோறு போடுவது அந்தக் கரிதான். நான் முதலில் அவரிடம் பேசவே தயங்கினேன், அவர் பிழைப்பை அழிக்கப்போகிறேனே என்று. அவரோ சிரித்துவிட்டு, "நீங்க ஒன்றேகால் ஏக்கரா எடுத்தா காடு தீந்துருமா தம்பி? தூரைத் தோண்டுறவனுக்குக் கூலி குடுங்க, வெறகை நான் எடுத்துக்கிறேன்" என்றார். அப்படியே ஆயிற்று. விறகுக்கு அவர் கொடுப்பதில் தோண்டுகிற கூலி பாதிக்குமேல் கழிந்துவிடும்.

மரத்தைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். "வேரு மொளைக்காது தம்பி. கழுத்துதான் மொளைக்கும். கழுத்தை எடுத்துட்டா அதோட சரி."

கழுத்து என்று அவர் சொல்வது, தண்டு முடிந்து வேர் தொடங்கும் இடம். தரைக்குக் கொஞ்சம் கீழே தடித்து முண்டாக இருக்கும். உறங்கும் மொட்டு எல்லாம் அங்கேதான். தரை மட்டத்தில் வெட்டினால் அந்த மொட்டு அத்தனையும் எழுந்து வரும். முண்டுக்குக் கீழே வேரை வெட்டிவிட்டால், மீதி வேர் எவ்வளவு ஆழம் போயிருந்தாலும் மண்ணுக்குள் மக்கிப்போகும். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சூழலியலாளர் சி.ஆர்.பாபு, உண்ணிச்செடி (லந்தானா) என்ற இன்னொரு அயல் களையை எடுக்கச் சொன்ன முறையும் இதே மாதிரிதான்: தூரோடு கீழே வெட்டி, தலைகீழாகக் கவிழ்த்துப்போடுவது. அதைப் படித்தபோது, எங்கள் அண்ணன் ஒரு படிப்பும் இல்லாமல் கையாலேயே அதைத் தெரிந்துவைத்திருக்கிறார் என்று பெருமையாக இருந்தது.

நாங்கள் தோண்டுவது தை மாதம். மழை ஈரம் மண்ணில் மிச்சமிருக்கும், கடப்பாரை இறங்கும். கோடை நெற்று பழுத்து உதிர இன்னும் நாள் இருக்கும். முதலில் பாத்தியைச் சுற்றி வந்து, சீமைக்கருவேலம் அல்லாத எல்லாவற்றிலும் சிவப்புத் துணி கட்டுவோம். ஒரு விரல் உயர வேம்பாக இருந்தாலும் கட்டுவோம். அப்புறம் கிளையைக் கழித்து, தூரைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு மட்டும் மண்ணை விலக்கி, முக்கால் அடி முதல் ஓரடி வரை இறங்கி, முண்டுக்குக் கீழே கோடாரி போடுவோம். தோண்டிய மண்ணைத் திரும்பத் தள்ளி மிதித்துவிட வேண்டும். தொடை கனமுள்ள தூர் என்றால் ஓர் ஆள் ஒரு நாளில் ஆறேழுதான் எடுக்க முடியும். கை கனம் என்றால் பதினைந்து வரை போகும்.

முள்ளை இலேசாக நினைக்காதீர்கள். சாதாரணச் செருப்பை ஊடுருவி வரும். டயர்ச் செருப்பு போட்டுக்கொண்டு, அதற்குமேலும் பார்த்துத்தான் நடக்கிறோம். 2020இல் என் உள்ளங்காலில் ஏறி ஒடிந்த முள்ளை அப்போதே எடுக்காமல் விட்டேன். சீழ் வைத்து, மூன்று வாரம் கழித்துக் கீறித்தான் எடுத்தார்கள். ஒடிந்த முனை உள்ளே தங்கினால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

கழித்த முள்ளை எரிக்க வேண்டாம். நெற்று இல்லாத கிளையாகப் பார்த்து எடுத்து, நடப்போகும் கன்றைச் சுற்றி அடைப்பு வைத்தால் ஆடு வாய் வைக்காது. இரண்டு வருடத்தில் அது தானாக உளுத்துக் கொட்டும்போது கன்று ஆட்டு வாய்க்கு மேலே போயிருக்கும். ஒரு ரூபாய் செலவில்லாத வேலி.

மழை விழுந்த பதினைந்தாம் நாள்

எடுத்து முடித்த பாத்தியில் உண்மையான வேலை அடுத்த மழைக்குத்தான். முதல் நல்ல மழை விழுந்து பத்திலிருந்து பதினைந்து நாளுக்குள் போய்விட வேண்டும். அப்போது சீமைக்கருவேலக் கன்று இரண்டு மூன்று இலையோடு இருக்கும். ஈர மண்ணில் இரண்டு விரலால் பிடுங்கினால் வேரோடு வரும். ஒரு மாதம் தாமதித்தால் மண்வெட்டி வேண்டும். ஒரு வருடம் விட்டால் கடப்பாரை.

இதில் எங்கள் வீட்டில் அம்மாதான் தேர்ந்தவர். நான் முதல் வருடம் சீமையோடு சேர்த்து உடைக்கன்றையும் பிடுங்கிக்கொண்டிருந்தேன். "டேய், அது பொடி இலைடா, பாரு. சீமைக்கு இலை இதைவிடப் பெருசு, தள்ளித்தள்ளி இருக்கும்" என்று கையைத் தட்டிவிட்டார். அறுபத்தெட்டு வயதில் அவர் உட்கார்ந்தபடியே நகர்ந்து ஒரு பாத்தியை ஒரு காலையில் முடித்துவிடுவார். முதல் பாத்தியில் முதல் மழைக்கு ஆயிரத்துக்குமேல் பிடுங்கினோம், எண்ணுவதை நிறுத்திவிட்டோம். இரண்டாம் வருடம் 340. நான்காம் வருடம் 31. போன வருடம் நான்கு. இந்த எண்களை நோட்டில் எழுதிவைத்தது நல்லதாயிற்று. சோர்ந்துபோன நாட்களில் அதை எடுத்துப் பார்ப்பேன்.

எண் குறைந்ததற்குக் காரணம் பிடுங்கியது மட்டும் இல்லை. தரை மூடியதுதான். சீமைக்கருவேலக் கன்றுக்கு நிழல் ஆகாது. அதனால் முதல் வருடமே தரையை மூட எங்களுக்குப் புல் வேண்டியிருந்தது. ரோட்டோரத்தில் கொழுக்கட்டைப்புல் கதிர் முற்றியிருக்கும்போது உருவி வந்து, களிமண்ணும் சாணமும் கலந்து உருட்டி, மழைக்கு முன்னால் தூவினோம். சாணமில்லாமல் வெறும் விதையாகத் தூவிய பாத்தியில் எறும்பு அத்தனையும் கொண்டுபோய்விட்டது.

ஆட்டுக்கிடை

நம் ஊரில் சீமைக்கருவேலத்தை இத்தனை தூரம் பரப்பியது ஆடும் மாடும்தான். நெற்று இனிப்பாக இருக்கும், ஆசையாகத் தின்னும். விதை செரிக்காமல் புழுக்கையோடு விழும், உரத்தோடு சேர்ந்தே. அமெரிக்கக் கண்டத்து மரம் இது. 1877இல் ஜமைக்காவிலிருந்து விதை வாங்கி இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு விறகுக்காகவும் வேலிக்காகவும் வறண்ட மாவட்டங்களில் பரப்பினார்கள். அன்றைக்கு அடுப்பெரிக்க அது உதவியது என்பதையும் மறக்கக் கூடாது.

ஆனால் அதே ஆடுதான் எங்களுக்கு விதையும் கொடுத்தது. நாட்டுக்கருவேல், உடை, வெள்வேல் எல்லாவற்றுக்கும் விதைத்தோல் கடினம், அப்படியே போட்டால் எப்போது முளைக்கும் என்று சொல்ல முடியாது. கொதித்து இறக்கிய தண்ணீரில் போட்டு ஒரு ராத்திரி ஊறவிடலாம். அதைவிட நல்ல வழியைப் பக்கத்து ஊரில் கிடை போடுகிற அக்கா சொன்னார். கருவேலங்காயைத் தின்ற ஆடு ராத்திரி அசைபோடும்போது விதையைத் துப்பிவிடும். காலையில் கிடையைக் கூட்டினால் விதை குவியும். அந்த விதை எங்களுக்கு ஒரு வாரத்தில் முளைத்தது, பத்துக்கு ஆறேழு. அக்காவிடம் நாங்கள் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: சீமை நெற்று உதிரும் நாட்களில் எங்கள் பாத்திப் பக்கம் ஆட்டை ஓட்டாமல் இருக்க வேண்டும். இன்றுவரை அந்தப் பேச்சைக் காப்பாற்றுகிறார். எங்கள் புல்லை அறுத்து எடுத்துக்கொள்கிறார்.

வேம்புக்கு ஒரு எச்சரிக்கை. வேப்பங்கொட்டை இரண்டு மூன்று வாரத்துக்குமேல் உயிரோடு இருக்காது. பழம் விழுந்த கையோடு சதையைக் கழுவி நிழலில் உலர்த்தி விதைத்துவிட வேண்டும். நான் ஒரு டப்பாவில் போட்டு ஐப்பசிவரை பத்திரமாக வைத்திருந்தேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. பனைக்கு ஆவணி, புரட்டாசியில் விழும் பழம். கொட்டையை ஓரடி ஆழத்தில் வரப்போரம் புதைத்துவிட்டு மறந்துவிடலாம். அது முதலில் கீழே போகும், வெகுநாள் கழித்துத்தான் ஒற்றை இலை மேலே வரும். எங்கள் வடலி இன்னும் முழங்கால் உயரம்தான். காய்க்கும்போது அம்மா இருக்கமாட்டார் என்று அவரே சொல்லிக்கொண்டு நடுகிறார்.

கெட்ட வருடங்கள்

2019 புரட்டாசியில் முதல் இரண்டு பாத்தியில் 140 கன்று நட்டோம். முதல் கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது என்று திட்டம். 2020 பங்குனியில் ஊரடங்கு வந்தது. மதுரையிலிருந்து நகர முடியவில்லை. வைகாசியில் போய்ப் பார்த்தபோது 38 கன்று நின்றது. வேம்பும் மகிழமும் பூவரசும் போயிருந்தன. நின்றவற்றில் பெரும்பாலானவை உடையும் இலந்தையும் உகாவும். அவற்றுக்கு இங்கே யாரும் எப்போதும் தண்ணீர் ஊற்றியதில்லை. மகிழத்தையும் பூவரசையும் ஆசைக்கு வாங்கி நட்டிருந்தோம். எது இந்த மண்ணுக்குரியது என்று அந்தக் கோடை தெளிவாகச் சொல்லிவிட்டது. அதன் பிறகு நர்சரிக்குப் போகவில்லை, ஐந்தாறு கிலோமீட்டருக்குள் கிடைக்கும் விதை மட்டும்தான்.

2021இல் எதிர்ப்பக்கம். ஐப்பசி கார்த்திகையில் விடாமல் பெய்தது. நிலத்தின் தென்மேற்குப் பள்ளத்தில் மூன்று வாரம் தண்ணீர் நின்று, அங்கே நட்டிருந்த உடைக்கன்று எல்லாம் அழுகின. பக்கத்திலேயே நின்ற நாட்டுக்கருவேலுக்கு ஒன்றும் ஆகவில்லை, இன்னும் செழித்தது. கண்மாய்க்குள் நின்று வளரும் மரம் அல்லவா அது. எங்கள் மாவட்டத்திலேயே வேட்டங்குடியில், கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில்தான் நாரையும் கொக்கும் வந்து கூடு கட்டுகின்றன. அந்தப் பறவைகளுக்காக அங்குள்ள கொள்ளுகுடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அதனால் இப்போது பள்ளத்துக்கு நாட்டுக்கருவேல், மேட்டுக்கு உடையும் வெள்வேலும், வரப்புக்குப் பனையும் கிலுவையும் என்று பிரித்துக்கொண்டோம்.

பறவை நட்டது

ஆனால் இந்த ஏழு வருடத்தில் எங்களைவிட அதிகம் நட்டது பறவைகள்தான்.

முதல் பாத்தி எடுத்தபோது, நெருக்கத்தில் நெடுநெடுவென்று வளர்ந்திருந்த சீமைக்கருவேலம் ஐந்தைப் பட்டையை உரித்துக் காயவிட்டு, தூரை எடுக்காமல் நிற்கவைத்தோம். தோண்டச் சோம்பல்பட்டு விட்டதுதான், திட்டம் ஒன்றும் இல்லை. பட்ட மரத்தின் உச்சியில் கரிச்சான் வந்து உட்கார்ந்தது. பிறகு மைனா, கொண்டைக்குருவி, காகம், பனங்காடை. இரண்டாவது மழைக்குக் களை பிடுங்கப் போன அம்மாதான் முதலில் பார்த்தார். அந்த ஐந்து மரத்தடியிலும் வட்டமாகக் கன்றுக் கூட்டம். வேம்பு, சங்கஞ்செடி, உகா, மஞ்சணத்தி, சூரை. நாங்கள் நடாதவை. எங்கள் மூலையில் இருந்த சங்கஞ்செடிக்கு வெள்ளைவெள்ளையாகப் பழம் வரும், அதைத் தின்ற கொண்டைக்குருவி இருபதடி தள்ளி வந்து எச்சமிட்டிருக்கிறது. பாத்தியின் மற்ற இடங்களில் இவை அநேகமாக இல்லை.

அதன் பிறகு ஒவ்வொரு பாத்திக்கும் நான்கைந்து பறவை தாங்கி வைக்கிறோம். ஒன்பதடிக் கம்பு, உச்சியில் குறுக்காக ஒரு குச்சி. நெல் வயலில் பூச்சிக்கு வைப்பதுதான். நடுகிற கன்றுகளில் பாதிகூடத் தேறாத நிலத்தில், பறவை போட்டது பத்துக்கு எட்டு நிற்கிறது. எங்கே எந்த ஆழத்தில் முளைக்க வேண்டும் என்று விதையே தேர்ந்துகொண்டதால் இருக்கலாம். அந்த அரை சென்ட் மூலை தப்பியிருக்காவிட்டால் பறவைக்கு எடுத்துவர எதுவுமே இருந்திருக்காது. ஆகவே உங்கள் நிலத்தில் சுத்தம் செய்யத் தொடங்கும் முன், எங்காவது ஒரு பழைய புதர் மிச்சமிருக்கிறதா என்று தேடுங்கள். பார்க்க அசிங்கமான முட்புதராகத்தான் இருக்கும். அதைத் தொடாதீர்கள்.

இந்த வகைக் காட்டை யாரும் காடு என்று சொல்வதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். காகிதத்தில் தரிசு. தரிசு என்று எழுதிவிட்டால் அங்கே கொட்டலாம், தோண்டலாம், எதையும் கட்டலாம். உயரமும் ஈரமும் இல்லாததால் மலைக்காட்டுக்குக் கிடைக்கும் மரியாதை இதற்குக் கிடைக்கவில்லை. ஆனால் கௌதாரி முட்டையிடுவது இந்தப் புல்லுக்குள்தான். உடும்புக்கு இந்தப் புதர்தான் வீடு. வெளியிலிருந்து வந்து ஆக்கிரமிக்கும் அயல் இனங்களைப் பற்றி ஐபிபிஇஎஸ் என்ற பன்னாட்டு அறிவியல் அமைப்பு 2023இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் அழிந்துபோன உயிரினங்களில் 60 விழுக்காட்டின் அழிவில் அயல் இனங்களுக்கு முக்கியப் பங்கு இருக்கிறது என்கிறது. எங்கள் ஊரில் எது எப்போது போனது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. அம்மாவின் நினைவில்தான் அந்தப் பட்டியல் இருக்கிறது.

அந்தப் பட்டியலில் முதலில் இருந்தது பொன்வண்டு. பச்சையாக மின்னும். அம்மா காலத்துப் பிள்ளைகள் தீப்பெட்டிக்குள் வேல இலையோடு போட்டு வளர்த்தது. மண்ணுக்குள் புழுவாக இருந்து வேரைத் தின்று வளரும் பூச்சி அது. மண்ணை மொத்தமாகப் புரட்டிய இடத்தில் அது என்ன செய்யும்? 2023 மழைக்கு, மூன்றாம் பாத்தியில் ஆளுயரம் வந்திருந்த உடையில் ஒன்று உட்கார்ந்திருந்தது. நான் அதற்குமுன் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். அம்மாவைக் கூப்பிட்டேன். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். போன மழைக்கு ஏழு எண்ணினோம், இரண்டு பாத்தியில்.

கௌதாரி 2022இலிருந்தே கத்துகிறது. போன மாசியில் குஞ்சுகளோடு ஒரு தாய் வரப்பைக் கடந்தது. உடும்பு ஒன்று இருப்பதற்குத் தடம் இருக்கிறது, இன்னும் நேரில் பார்க்கவில்லை. வன்னி இரண்டு முளைத்திருக்கிறது. விருத்தாசலம் கோயிலில் தல மரமாக நிற்கும் அதே வன்னி. சீமைக்கருவேலத்தையும் வன்னியையும் நெடுங்காலம் ஒரே பேரினத்தில், புரோசோபிஸ் என்று வைத்திருந்தார்கள். 2022இல் சீமைக்கருவேலத்தைப் பிரித்து நெல்டுமா என்ற வேறு பேரினத்துக்கு மாற்றினார்கள். சாமியாகக் கும்பிடும் மரத்திலிருந்து அது விலகிப்போனதில் அம்மாவுக்கு நிம்மதி.

இப்போது நிற்கும் இடம்

பதினைந்தாம் பாத்தி தெற்கு வரப்பை ஒட்டியது. அங்கேதான் சிக்கல். வரப்புக்கு அந்தப் பக்கம் எட்டு ஏக்கர் சீமைக்கருவேலம், நிலத்துக்காரர் கோயம்புத்தூரில். அங்கிருந்து நெற்று எங்கள் பக்கம் உதிர்ந்துகொண்டே இருக்கிறது. பன்னிரண்டாம் பாத்தியின் தெற்கு ஓரத்தில் மட்டும் பிடுங்குகிற எண்ணிக்கை மூன்று வருடமாகக் குறையவில்லை. போன மாதம் அவரிடம் போனில் பேசினேன். எடுத்துச் சொன்னதும், வரப்போரம் பதினைந்தடி அகலத்துக்கு எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார், விறகுப் பணம் தனக்கு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். கரிமூட்ட அண்ணனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். தை பிறந்ததும் இரண்டு ஆள் வருகிறார்கள்.

அந்தப் பதினைந்தடியில் நட, கிடையிலிருந்து வந்த உடை விதை இரண்டு படி வீட்டில் இருக்கிறது. கிலுவைப் போத்து வெட்ட ஒரு பழைய வேலியை அம்மா பார்த்துவைத்திருக்கிறார். பறவை தாங்கிக்கு இன்னும் ஆறு கம்பு வேண்டும்.